வின்டோஸ் அடிக்க முதல்

பொத்தானை அமத்தினேன். உள்ளே காற்றாடி சுற்றியது. நாலு கட்டச் சின்னம் வந்தது, அதற்குக் கீழே வெள்ளைப் புள்ளிகள் வட்டமாக ஓடின. ஏழெட்டுச் சுற்று ஓடியிருக்கும், திரை முழுக்க நீலம். ஒரு சோக முகம், அதன் கீழ் ஆங்கிலத்தில் ஒரு வரி. வாசித்து முடிக்க முதல் தானாக அணைந்து தானாகத் தொடங்கியது. மறுபடி புள்ளி, மறுபடி நீலம். நாலாவது தரம் ஒன்றுமே நடக்காததுபோல் திறந்துகொண்டது.

2025 ஐப்பசியில், மழை பிடித்த கிழமையில் இது தொடங்கியது. திறந்துகொண்டதே என்று நானும் வேலையில் இறங்கிவிட்டேன். ஒரேயடியாகச் செத்துப்போகிற மெசினை என்றால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடியிருப்பேன். மூன்று தரம் விழுந்து நாலாவது தரம் எழும்புகிற மெசினை மனிசர் நம்பத்தான் பார்ப்போம். அவசர வேலை கையில் இருக்கும்போது இன்னும் கூடுதலாக நம்புவோம்.

மட்டக்களப்புக் கல்லடியில் இருபத்திரண்டு வருசமாகத் தமிழ் ரைப்செற்றிங் செய்கிறேன். கோயில் திருவிழா நோட்டீஸ், முப்பத்தோராம் நாள் நினைவு மலர், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகளின் ஆய்வேடு, இடையிடையே யாராவது ஒருவரின் கவிதைத் தொகுப்பு. கிழக்கே கூப்பிடு தூரத்தில் கடல், மேற்கே வாவி. இரண்டு பக்கத்துக் காற்றும் என் வீட்டுக்குள்ளால்தான் போகும். பழைய கல்லடிப் பாலத்தின் இரும்பைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காற்றைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மிகப் பழைய பாலம் அது. 2013 இல் பக்கத்தில் புதுப் பாலம் வரும்வரை அந்தத் துருவோடேயே எங்களைச் சுமந்தது. என் மெசினின் பின்பக்க ஆணிகளும் அந்த நிறத்துக்கு வந்துவிட்டன.

புது மெசின் இல்லை இது. வெளிநாட்டு ஒபிசுகளில் பாவித்துக் கழித்து, கொள்கலனில் வந்து, கொழும்பில் துடைத்து விற்கிறார்களே, அந்த வகை. 2022 இல் வாங்கினேன். அந்த வருசம் டொலர் ஏறிய ஏற்றத்தில் புதிது வாங்குவதை நினைத்துப் பார்க்கவே ஏலாது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். வெட்டும்போது வராத பயம் திரும்பி வரும்போது வரும். பல்ப் ஒருமுறை பளீரென்று எரிந்து அடங்கும், எனக்கு நெஞ்சு திக்கென்னும். அதையெல்லாம் தாண்டி வந்த மெசின். உள்ளே நாலு ஜிபி றாம் இரண்டு, ஆக எட்டு.

நீலத் திரை இரண்டாம் நாளும் வந்தது, மூன்றாம் நாளும் வந்தது. மூன்று நாளும் கைபேசியில் படம் எடுத்து வைத்தேன். முதல் நாள் ‘மெமரி மனேஜ்மென்ட்’ என்று இருந்தது. அடுத்த நாள் ‘பேஜ் ஃபோல்ட்’ என்று. அதற்கடுத்த நாள் ‘ஐஆர்கியூஎல்’ என்று தொடங்கும் நீளமான ஒன்று. விளங்காவிட்டாலும் விளங்குகிறவர்களுக்கு உதவும் என்று எடுத்தேன். கடைக்குக் கொண்டுபோய்க் கைபேசியை நீட்டினேன். பொடியன் அதை வாங்கிப் பார்க்கவே இல்லை.

“வின்டோஸ் கறப்ட் ஆகிட்டு அன்ரி. அடிச்சுத் தாறன், பின்னேரம் வாங்க.”

“மனே, என்ட வேலை எல்லாம் அதுக்குள்ள இரிக்கி.”

“டி டிறைவ்ல உள்ளது ஒண்டும் போகாது அன்ரி.”

டி டிறைவில் உள்ளது போகவில்லை. டெஸ்க்ரொப்பில் உள்ளது போனது. டெஸ்க்ரொப் என்பது சி டிறைவுக்குள் இருக்கிற ஒரு இடம் என்று இருபத்திரண்டு வருசத்தில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கண்ணுக்கு முன்னால் இருப்பதால் பத்திரமாக இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு பிள்ளையின் ஆய்வேட்டில் 64 பக்கம், பிழை திருத்தி முடித்தது, அப்படியே போனது. அந்தப் பிள்ளை என்னை ஒரு சொல் பேசவில்லை. “பரவாயில்ல அன்ரி, திருப்பி அடிப்பம்” என்றது. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் காலை அதே புள்ளிகள், அதே நீலம்.

இரண்டாவது கடை. பவர் சப்ளை பலவீனம் என்றார்கள், மாற்றினோம். ஐந்தாம் நாள் நீலம். திரும்பிப் போனேன். அப்படியென்றால் ஹாட் டிஸ்க்தான், பழைய டிஸ்க், ஆயுள் முடிந்துவிட்டது, எஸ்எஸ்டி போட்டால் பறக்கும் என்றார்கள். போட்டோம். பழைய டிஸ்கில் இருந்ததை எல்லாம் புதியதில் ஏற்றி, மறுபடி வின்டோஸ் அடித்து, பழைய டிஸ்கைத் தாங்கள் எடுத்துக்கொண்டு விலையில் கொஞ்சம் குறைத்தார்கள். எனக்கும் அது நல்ல காரியமாகவே தெரிந்தது. வின்டோஸ் இரண்டு தரம் ஐயாயிரம், பவர் சப்ளை ஆறாயிரத்து ஐந்நூறு, எஸ்எஸ்டி ஒன்பதாயிரத்து ஐந்நூறு, ஆக இருபத்தோராயிரம் ரூபா. ரைப்செற்றிங்கில் பக்கம் பக்கமாகச் சேர்க்கிற காசு அது.

காசைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். போனது வேறொன்று.

என் அப்பா படுவான்கரையில் கூத்து அண்ணாவியார். அவரிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தது. தன்னுடைய அண்ணாவியாரின் ஏட்டைப் பார்த்து வாலிபத்தில் எழுதியது, ‘பதினெட்டாம் போர்’, வடமோடி. தருவுக்கு ஒரு மை, விருத்தத்துக்கு ஒரு மை, யார் யாருக்கு வேடம் பிரித்துச் சட்டம் கொடுத்தார் என்று ஓரத்தில் பென்சிலால் பெயர்கள். கூத்துக் கொப்பிகள் எல்லாம் அச்சுக்குப் போனதில்லை. சு. வித்தியானந்தன் போன்றவர்கள் பதிப்பித்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்றதெல்லாம் அண்ணாவிமாரின் றங்குப்பெட்டிகளிலேயே கிடந்தது. எங்கள் றங்குப்பெட்டி 1978 கார்த்திகைச் சூறாவளியில் கூரை பறந்த வீட்டில் நனையாமல் கிடந்தது. பிறகு யுத்தத்தில் எத்தனை ஓட்டம்! ஒவ்வொரு ஓட்டத்திலும் அம்மா முதலில் தூக்கியது அதைத்தான்.

அப்பா போனபிறகு கொப்பி பெரியண்ணன் வீட்டில் இருந்தது. 2019 இல் ஒரு லீவு நாளில் போய், விறாந்தையில் பாயைப் போட்டு, வெளிச்சம் பார்த்து, 188 பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து அப்போது இருந்த மெசினில் ஏற்றினேன், அதிலிருந்து அவை இந்த மெசினுக்கு வந்தன. கைபேசியில் இடம் இல்லாததால் அதில் இருந்ததை அழித்தேன். 2024 கார்த்திகை வெள்ளத்தில் அண்ணன் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். கொப்பி ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டது. காயவைத்துப் பிரித்தபோது மை முழுக்க ஊதாக் கறையாக ஓடியிருந்தது. அன்றைக்கு அண்ணியிடம் நான்தான் சொன்னேன், “கவலைப்படாதிங்க அண்ணி, எல்லாப் பக்கமும் என்னட்ட இரிக்கி.”

அந்த 188 படமும் அந்தப் பழைய டிஸ்கில்தான் இருந்தன.

என் மருமகள், சின்னண்ணனின் மகள், கணினிப் பாடம் படிக்கிறாள். மார்கழி லீவுக்கு வந்தவளிடம் எஸ்எஸ்டி போட்டும் நீலம் வருகிறதே என்று புலம்பினேன். கைபேசியில் இருந்த படங்களைக் காட்டினேன். முதன்முதலாக ஒருவர் அதை வாங்கிப் பார்த்தார். ஒன்றிலிருந்து ஒன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள்.

“மாமி, இது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பேர் சொல்லுது. ஒரு டிறைவரில பிழை எண்டா பெரும்பாலும் ஒரே பேரத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லும். இப்பிடி மாத்தி மாத்திச் சொன்னா முதல்ல றாமத்தான் பாக்கணும். அதோட முதல் நாளே மெமரி எண்டு சொல்லியிரிக்கே!”

முதல் நாளே சொல்லியிருக்கிறது! அந்த முதல் படத்தைத்தான் நான் கடைகளில் மூன்று தரம் நீட்டி நீட்டித் திருப்பி வாங்கினேன்.

ஏன் தொடங்கும்போதே விழுகிறது, ஏன் எல்லா நாளும் விழவில்லை என்று கேட்டேன். அவள் சொன்னதை எனக்கு விளங்கிய மாதிரி எழுதுகிறேன். றாம் என்பது கோடிக்கணக்கான சின்னஞ்சிறு மின்னேற்றங்கள். ஏற்றம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூச்சியம். ஐபிஎம் நிறுவனத்தின் றொபேட் டெனாட் என்பவர் 1968 இல் காப்புரிமை பெற்ற முறை, இன்றைக்கும் அடிப்படை அதுதான். இந்த ஏற்றம் ஓட்டைச் சட்டியில் ஊற்றிய தண்ணீர் மாதிரி ஒழுகிக்கொண்டே இருக்கும். அதனால் 64 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை, அதாவது ஒரு செக்கனில் பதினைந்து தடவைக்கு மேல், எல்லாச் சட்டியையும் திருப்பி நிரப்பியபடியே இருக்கவேண்டும். எட்டு ஜிபி என்றால் 6,871 கோடிக்கு மேல் சட்டிகள். அதில் ஒன்று வெடித்தாலும் அதில் வைத்தது வைத்தபடி இருக்காது.

மெசினைத் தொடக்கும்போது வின்டோஸின் கேர்னலும் டிறைவர்களும் டிஸ்கிலிருந்து றாமுக்கு ஏறுகின்றன. ஒவ்வொரு தரமும் ஒரே இடத்தில் ஏறுவதில்லை. களவாகப் புகுகிறவர்கள் கண்டுபிடிக்காமல் இருக்க இடம் மாற்றி மாற்றித்தான் வைக்கும். வெடித்த சட்டி இருக்கிற இடத்தில் ஒரு பாட்டு உட்கார்ந்தால் ஒரு கீச்சுச் சத்தம், படம் உட்கார்ந்தால் ஒரு கறை. கேர்னல் உட்கார்ந்தால் நீலம். நாலாவது தரம் திறந்தது இதனால்தான். அந்தத் தரம் அந்த இடத்தில் உயிர்ப்பான எதுவும் உட்காரவில்லை.

இன்னொன்றும் சொன்னாள். வின்டோஸ் 8 இலிருந்து, ஷட் டவுன் கொடுத்தால் மெசின் முழுதாக அணைந்து போவதில்லையாம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி போட்டிருந்தால், கேர்னலை இருந்த கோலத்தில் டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த நாள் அதையே தூக்கி றாமில் வைக்கும். றாமில் கெட்டது இருந்தால் அந்தக் கேடும் சேர்ந்து எழுதப்படும். றீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும்தான் புதிதாகத் தொடங்கும். நான் ஒவ்வொரு இரவும் ஒழுங்காக ஷட் டவுன் செய்து படுக்கிறவள்.

அன்றிரவு ஒன்பது மணிக்கு ஒரு பென் டிறைவில் மெம்ரெஸ்ட் என்ற சோதனையைப் போட்டாள். இலவசம். வின்டோஸுக்குள்ளேயே இப்படி ஒரு சோதனை உண்டு. தேடும் பெட்டியில் ‘மெமரி டயக்னொஸ்டிக்’ என்று அடித்தால் வந்துவிடும், எஃப் 1 ஐ அமத்தி நீளமான சோதனையைத் தெரிவு செய்யலாம். ஆனால் இது அதைவிடத் துருவிப் பார்க்கும் என்றாள். ஒவ்வொரு சட்டியிலும் ஒன்றை எழுதித் திருப்பி வாசிக்கும், பூச்சியத்தை எழுதித் திருப்பி வாசிக்கும், மாற்றி மாற்றி எழுதி வாசிக்கும்.

வெளியே மழை. யூபிஎஸ் இடைக்கிடை டிக் என்றது. முதல் சுற்று ஒன்றேகால் மணித்தியாலம் எடுத்தது. பிழை ஒன்றும் இல்லை. எனக்கு மனசு விட்டுப் போனது. இதுவும் இல்லையென்றால் இனி எந்தக் கடைக்குப் போவேன்? “ஒரு சுற்றோட விடக்கூடாது மாமி, சூடேற விடணும்” என்று அவள் பாயைப் போட்டுப் படுத்துவிட்டாள். நான் கதிரையிலேயே இருந்தேன். இரண்டு மணி தாண்டியிருக்கும். திரையின் கீழ்ப்பாதியில் ஒரு சிவப்பு வரி விழுந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று. பிறகு மடமடவென்று ஏழு, எட்டு. ஒவ்வொரு வரியிலும் இரண்டு எண்கள். இருக்கவேண்டியது 00000000. இருப்பது 00000001. எல்லா வரியிலும் கடைசியில் அந்த ஒன்று.

அவளை எழுப்பினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தவள், “பாத்திங்களா மாமி” என்றாள். எனக்கு அழுகைதான் வந்தது. இரண்டரை மாதம், இரண்டு கடை, இருபத்தோராயிரம். ஒரு இரவு, ஒரு பென் டிறைவ்.

விடிந்ததும் வயரைக் கழற்றினாள். பொத்தானைச் சும்மா ஒருமுறை அமத்தி, மிச்சக் கரண்டை இறக்கினாள். இரண்டு பக்கக் கொளுக்கியையும் விலக்கி றாமை விளிம்பில் பிடித்துத் தூக்கினாள். ஒரு சாணுக்கும் குறைவான பச்சைத் தகடு. அடியில் வரிசையாக 240 தங்க நிறப் பற்கள். அதில் கொஞ்சம் மங்கிப்போய் இருந்தன. எங்கள் காற்றில் எது மங்காது? பள்ளிக்கூடப் பிள்ளையின் மெல்லிய ரப்பரால் மெதுவாகத் துடைத்தாள், அழுத்தித் தேய்த்தால் மேல்பூச்சு போய்விடும் என்று சொல்லிக்கொண்டே. சில மெசின்களுக்கு இதோடேயே சுகம் வந்துவிடுமாம். துடைத்து ஒவ்வொன்றாகத் தனித்தனியே போட்டுச் சோதித்தாள். ஒரு துண்டு எந்தக் குழியில் போட்டாலும் சுத்தம். மற்றது எந்தக் குழியில் போட்டாலும் சிவப்பு. பல்லில் இல்லை பழுது, மதர்போட்டிலும் இல்லை. அந்தக் கறுப்புச் சில்லுக்குள்ளேயே இருந்தது.

அந்த ஒன்றைக் கழற்றிய நாளிலிருந்து இன்றுவரை நீலம் வரவில்லை. நாலு ஜிபியோடு மெதுவாகத்தான் ஓடுகிறது, ஓடட்டும்.

கொப்பிப் படங்களைத் திறந்தது அன்றைக்குப் பின்னேரம். மெசின் சுகமாகிவிட்டது என்ற சந்தோசத்தில், அப்பாவின் எழுத்தைப் பார்க்கலாம் என்று திறந்தேன். முதல் பத்துப் பக்கம் நல்லாகத்தான் இருந்தது. பதினோராம் பக்கத்தில் மேலே அப்பாவின் எழுத்து, நடுவில் கத்தியால் வெட்டினது மாதிரி ஒரு கோடு, அதற்குக் கீழே பச்சையும் ஊதாவுமாகப் பெட்டி பெட்டியாக. மூடித் திறந்தேன். அதேதான். 188 இல் 23 பக்கம் இப்படி. சிலதில் கால்வாசி போயிருந்தது. சிலதில் தலைப்பு மட்டும் மிச்சம்.

டிஸ்கிலிருந்து டிஸ்குக்குக் கொப்பி பண்ணும்போது பைல் நேரே போவதில்லை. பழைய டிஸ்கிலிருந்து வாசித்து, றாமில் வைத்து, அங்கிருந்துதான் புதியதில் எழுதுகிறது. இடையில் வெடித்த சட்டியில் ஒரு துளி, அதாவது ஒரு பிட், மாறினால், மாறியபடியே எழுதும். பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது. படப் பைலில் ஒரு துளி மாறினால் அதற்குப் பிறகு வருகிறதெல்லாம் தடம் மாறிவிடும். பழைய டிஸ்கில் ஒரு வருத்தமும் இருக்கவில்லை. சுகமான டிஸ்கை வருத்தமென்று கழற்றி, வருத்தமான றாமுக்குள்ளால் அப்பாவின் கொப்பியைக் கடத்தி, சுகமானதை விலைக்குக் கழித்துக்கொண்டோம். அடுத்த நாளே அந்த இரண்டாவது கடைக்கு ஓடினேன். அந்த டிஸ்க் அழித்து, வேறொரு மெசினுக்குள் ஏறி, விலைப்பட்டுப் போயிருந்தது.

எனக்குத் தூக்கம் கெடுகிற இன்னொரு விசயமும் உண்டு. யுனிகோட்டில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஒரு எண் இருக்கிறது. ‘ர’வுக்கு 0பிபி0. ‘ற’வுக்கு 0பிபி1. கடைசி ஒரு துளிதான் வித்தியாசம். ‘ல’வும் ‘ள’வும் அப்படியே, ஒரு துளி. ‘ந’வும் ‘ன’வும் ஒரு துளி. ‘ம’ ஒரு துளியில் ‘ய’ ஆகும். அந்தக் கடைசித் துளி ஒன்றாக ஒட்டிக்கொண்டால் ‘அரம்’ என்று அடித்தது ‘அறம்’ ஆகிவிடும், ‘வலி’ ‘வளி’ ஆகிவிடும். என் திரையில் விழுந்த சிவப்பு வரி எல்லாவற்றிலும் மாறியிருந்தது அதே கடைசித் துளிதான். அந்த இரண்டரை மாதத்தில் இரண்டு நினைவு மலர் அச்சுக்குக் கொடுத்தேன். ஒன்றில் ‘இரக்கம்’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘இறக்கம்’ என்று போய்விட்டது. இறந்தவரின் மகன் மலரைக் கையில் வைத்துக்கொண்டு, “அன்ரி, நீங்க பாக்கலயா?” என்று கேட்டார். பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். அது என் விரலின் பிழையா, அந்தத் தகட்டின் பிழையா என்று இனி என்னால் சொல்ல ஏலாது. என் விரலை நானே சந்தேகிக்க வைத்துவிட்டதே, இதை யாரிடம் போய்ச் சொல்ல!

இது என் ஒரு மெசினின் கதை மட்டும் இல்லை. 2003 இல் பெல்ஜியத்தில் ஸ்கார்பேக் என்ற இடத்துத் தேர்தலில், வாக்கு எண்ணும் இயந்திரம் ஒரு வேட்பாளருக்கு 4,096 வாக்கைக் கூடுதலாகக் காட்டியது. 4,096 என்பது சரியாக ஒரு துளியின் பெறுமதி. கிடைக்கவே முடியாத தொகை என்பதால்தான் பிடிபட்டது. கூகிள் தன்னுடைய சேவர்களை வைத்து ரொறன்ரோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2009 இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. வருசத்துக்கு நூற்றில் எட்டு றாமுக்கு மேல் பிழை விட்டதாக அதில் இருக்கிறது. பெரிய சேவர்களில் ஈசிசி என்ற வகை றாம் போடுவார்கள், 64 துளிக்கு 8 துளி காவல், ஒரு துளி மாறினால் பிடித்துத் திருத்திவிடும். எங்கள் வீட்டு மெசின்களில் பெரும்பாலும் அந்தக் காவல் கிடையாது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2021 இல் இதற்காகவே கோபப்பட்டு எழுதினார். அடுத்த வருசம் ஐப்பசியில் அவருடைய மெசினிலேயே ஒரு றாம் பழுதானது. முதலில் புது மென்பொருளில்தான் பிழை என்று நினைத்து அவரும் தேடித் திரிந்திருக்கிறார். அவருக்கே அப்படியென்றால் எங்கள் கடைப் பொடியனை நான் எவ்வளவு ஏசலாம்?

ஏசத்தான் போனேன், போன கிழமை. பழுதான றாமை ஒரு கடதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். முதல் கடைப் பொடியன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “ஓம் அன்ரி, பாத்திருக்கணும்” என்றான். பிறகு சொன்னான்: “ஒரு நாளைக்குப் பத்து மெசின் வருது. ஒவ்வொண்டையும் ரா முழுக்க ரெஸ்டில போட எனக்கு மேசையும் இல்ல, கரண்ட் பில்லும் கட்டேலாது. ரெஸ்ட் பண்ணினதுக்கெண்டு ஆரும் காசு தரமாட்டாங்க அன்ரி. வின்டோஸ் அடிச்சாத்தான் தருவாங்க.”

“என்னட்டக் கேட்டிருந்தா நான் தந்திருப்பன் மனே.”

அவன் பேசவில்லை. அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. பின்னேரமே வேணும் என்று நிற்பவர்கள் நாங்கள்தான். நாளைக்கு வாங்க என்றால் பக்கத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதும் நாங்கள்தான். ஒரு இரவுச் சோதனைக்கு ஆயிரம் ரூபா என்று பலகையில் எழுதிப் போட்டால் நான் கொடுப்பேன், கொடுக்கச் சொல்லிப் பத்துப் பேரிடம் சொல்வேன். இரவு முழுக்க வேண்டாம், இரண்டு றாமில் ஒன்றைக் கழற்றிவிட்டு ஒருமுறை தொடக்கிப் பார்க்க ஐந்து நிமிசம் போதும். அதையாவது செய்யக்கூடாதா? நீலத் திரைப் படத்தை நீட்டினால் வாங்கி வாசிக்கக்கூடாதா? கொப்பி பண்ணின பைலில் நாலைத் திறந்து காட்டி, “சரியா அன்ரி?” என்று கேட்டுவிட்டுப் பழைய டிஸ்கைக் கேட்கக்கூடாதா?

அந்த 23 பக்கத்துக்காக இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வலையிறவுப் பாலம் தாண்டிப் படுவான்கரைக்குப் போகிறேன். அப்பாவிடம் சட்டம் வாங்கி ஆடிய ஒருவர் இருக்கிறார், வீமனுக்கு ஆடியவர். எண்பத்தொரு வயது. விறாந்தையில் இருந்து, துடையில் தாளம் போட்டுக்கொண்டு பாடுகிறார், நான் எழுதுகிறேன். தன்னுடைய தரு எல்லாம் தண்ணீர் மாதிரி வருகிறது. துரியோதனனுடைய தருவில் நின்றுவிடுகிறார். “அது நான் ஆடல்லையே பிள்ள” என்கிறார். அதை ஆடியவர் இப்போது இல்லை. இதுவரைக்கும் ஒன்பது பக்கம் வந்திருக்கிறது.

போன கிழமை அந்த முதல் கடையிலிருந்து எழும்பும்போது ஒரு பிள்ளை வெள்ளைச் சட்டையோடு மடிக்கணினியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாள். ஏ.எல். படிக்கிற பிள்ளை. தொடங்கும்போது நீலமாக வருகிறது, சில நேரம் திறக்கிறது, சில நேரம் இல்லை என்றாள். பொடியன் வாங்கி மேசையில் வைத்தான். பழக்கத்தில் அவனுடைய கை லாச்சியைத் திறந்தது.

“டெஸ்க்ரொப்பில என்ன வச்சிரிக்காய் மளே?” என்று கேட்டேன்.

“எல்லாம் அதிலதான் அன்ரி. புறஜெக்ட், நோட்ஸ், எல்லாம்.”

திரும்பிப் பார்த்தேன். அவன் வின்டோஸ் பென்னைச் செருகி முடித்திருந்தான்.

“கழட்டு மனே,” என்றேன்.